எடுத்துக் குடுக்காதீக

திருத்தங்கல் கடைத்தெருவில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். "ஏக்கா, செருப்ப விட்டுட்டுப் போறீக" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது. அது கழன்றதும் எனக்குத் தெரியவில்லை, வெயிலில் காய்ந்த தார் ரோட்டை மிதித்ததும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. மறுநாள் தரையில் உட்கார்ந்து இனியாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பக்கத்தில் இருந்த டாக்டர், எனக்கு உடம்பில் ரத்தம் போதாது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்தானே, இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் அவளுடைய சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. விரல்கள் பித்தான் மேல் போய் நின்றன, அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

என் கணவர் கணேஷ் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவர். அது சீசன் நேரம். மெஷின் நிற்காமல் ஓடுகிற மாதங்கள். போன் செய்தேன். "என்னங்க, எனக்குக் கை வரலைங்க" என்றேன். அவர் முதலில் கை வலிக்கிறது என்று புரிந்துகொண்டார். பிறகு என் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். மை ஒட்டிய சட்டையோடு வந்து என்னைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு விருதுநகருக்குப் போனார். அங்கே வத்தல் மண்டி வைத்திருக்கிற என் மாமனார் மடியில் இனியாவை விட்டோம். அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

விருதுநகரில் அந்த ஆஸ்பத்திரிக்கு நரம்பு டாக்டர் மதுரையிலிருந்து வருவார். அவர் என் முழங்காலுக்குக் கீழே சிறிய சுத்தியலால் தட்டினார். சாதாரணமாகக் கால் ஒரு உதறு உதறும். என் கால் சும்மா கிடந்தது. இன்னொரு தடவை தட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் கணவரின் முகத்தைப் பார்த்தார். சமீபத்தில் வயிற்றுப்போக்கு ஏதும் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோருக்குமே வந்தது. எல்லோருக்கும் சரியாகிவிட்டது.

அப்புறம் சோதனைகள். கை கால்களில் சின்னச் சின்ன மின்சார அடி கொடுத்து, நரம்பு வழியாக அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். நோயின் பெயர் கில்லன் பாரி. வயிற்றில் புகுந்த கிருமியை எதிர்த்துச் சண்டை போட்ட நம் உடம்பின் காவல் சக்தியே ஆள் தெரியாமல் நம் நரம்புகளைத் தாக்கத் தொடங்கிவிடுமாம். கரண்ட் வயரின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறையை எலி கடித்தால் எப்படியோ அப்படி என்று டாக்டர் சொன்னார்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்ற மாமனார் கேட்டார். "திரும்ப உறை வந்துருமா சார்?"

"வந்துரும். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் இவங்க மூச்சு நிக்காம நாங்க பாத்துக்கணும்."

வந்துரும் என்ற சொல்லை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் மூச்சு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் செயற்கை மூச்சு இயந்திரத்தைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை எனக்கு மாட்டவில்லை. ஆனால் அது எனக்காகக் காத்திருக்கிறது என்று தெரியும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஜெபா சிஸ்டர் வந்து, "ஒரே மூச்சுல எண்ணுங்க பாப்போம்" என்பார். மூச்சுத் தசைக்கு எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று அறிய அது ஒரு சுலபமான வழி. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை குறைந்தது. சிஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டு போவார். நான் மனதுக்குள் அடுத்த தடவைக்காக மூச்சைச் சேர்த்து வைக்கப் பார்ப்பேன், அது ஏதோ குடத்துத் தண்ணீர் போல.

மருந்து புட்டி புட்டியாக ஏறியது. பல பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தி அது. விலை மிக அதிகம். இன்சூரன்ஸ் ஒரு பங்குதான் கொடுத்தது. விலை ஏறட்டும் என்று மாமனார் கிட்டங்கியில் வைத்திருந்த மிளகாய் வத்தல் மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் இன்றுவரை பேசியதில்லை.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் கொடுமையாக இருந்தது வேறொன்று. பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, வலித்து, தானே ஒழுகிச் சட்டை நனைந்தது. குடிக்க வேண்டியவள் தெருவுக்கு அந்தப் பக்கம் மாமனார் வீட்டில் இருந்தாள். துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஜெபா சிஸ்டர்தான் திரையை இழுத்துவிட்டுப் பீய்ச்சி எடுத்தார். "அழாதீங்க மாரி, அழுதா மூச்சு வாங்கும்" என்றார். அழக்கூட அனுமதி இல்லாத இடம் அது. பிறகு ஒரு நாள், "கண்ண மூடித் தூங்குங்க" என்றார். மூடித்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூடவில்லை. முகத்து நரம்புகளும் போயிருந்தன. அன்றிலிருந்து தூங்கும் நேரத்துக்குக் கண்ணில் களிம்பு போட்டு இமையைப் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள்.

மூச்சு அதற்கு மேல் இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. இயந்திரத்தை உருட்டிக்கொண்டு போய் வேறொருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. அந்த வேறொருவர் யார் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை என்பதுதான் மனதில் இருந்தது.

என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். பகலில் பிள்ளையைக் கொண்டுவரலாம் என்று டாக்டர் அனுமதித்தார். அந்தக் காலையில் எனக்குத் தலை வாரிவிடச் சொன்னேன்.

மாமனார் இனியாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பிள்ளை, கையில் சுடுதண்ணீர் பிளாஸ்க். என் அத்தை, அதாவது அவர் மனைவி, என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். என் அம்மா கோவையில் அண்ணியின் பிரசவத்துக்காக இருந்தாள். பயந்து ஓடிவந்து சில நாள் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆகவே மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, குழந்தை வளர்த்த பழக்கமே இல்லாத அந்த மனிதர் பால் கலக்கவும் துணி மாற்றவும் கற்றுக்கொண்டிருந்தார்.

"இந்தா, அம்மா பாரு, அம்மா பாரு" என்று அவளை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

நான் சிரித்தேன். அதாவது, உள்ளே சிரித்தேன். முகம் அசையவில்லை. இனியா என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அம்மா முகம் அசைகிற முகம். கண்ணை உருட்டும், உதட்டைக் குவிக்கும். இது அம்மாவைப் போல இருந்தது, ஆனால் இமைக்காமல் பார்த்தது. அவள் உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுது தாத்தாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கூப்பிடலாம் என்று பார்த்தால் வாய் ஒத்துழைக்கவில்லை. உதடுகள் ஒட்டினால்தான் வரும் எழுத்துகள் எதுவும் எனக்கு இல்லை. பாப்பா இல்லை, அம்மா இல்லை. மாமா என்று கூப்பிட்டால் "ஆ, ஆ" என்று வந்தது. அவர் எனக்கு வலிக்கிறதாக்கும் என்று நினைத்து நர்ஸைத் தேடி ஓடினார். ஆனால் இனியா என்ற பெயரில் உதடு ஒட்டும் எழுத்து கிடையாது. அது மட்டும் முழுசாக வந்தது. "இனியா" என்றேன். அழுகை நின்றது. குரல் எங்கிருந்து வருகிறது என்று அறையெல்லாம் தேடினாள். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

அன்றிலிருந்து தரையில் பாயை விரித்து, மேலே துவைத்த போர்வை போட்டு அவளை விளையாட விட்டார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க என்னைப் பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைப்பார்கள். வலப்பக்கம் திருப்பினால் பாயும் அவளும் தெரியும். இடப்பக்கம் திருப்பினால் பச்சைச் சுவர். என் நாளில் பாதி மகள், பாதி சுவர்.

பார்க்க முடிந்த பாதியில் நான் கண்டதெல்லாம் ஒன்றுதான். அவள் எதையாவது பார்த்துக் கை நீட்டுவாள். கை முழுசாக நீளும் முன்பே அது அவள் கைக்கு வந்துவிடும். மாமனார் அவ்வளவு வேகம். கிலுகிலுப்பை, டம்ளர், செல்போன், சிஸ்டரின் பேனா மூடி. "ம்" என்றால் போதும். தாயில்லாமல் கிடக்கிற பிள்ளை என்ற இரக்கம் அவர் கைகளில் இருந்தது. சிஸ்டர்கள் வந்தால் அவர்களும் எடுத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவள் நகர்வதையே விட்டுவிட்டாள். ஊரிலிருந்தபோது வயிற்றால் இழுத்து இழுத்துக் கதவு வரைக்கும் போனவள், நடுப்பாயில் பொம்மை மாதிரி உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டி அழுவாள். பொருள் வரும். பார்த்துவிட்டுப் போட்டுவிடுவாள். மறுபடி விரலை நீட்டுவாள்.

ஒரு நாள் மதியம் என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருந்தார்கள். மருந்துச் சீட்டோடு மாமனார் கீழே மருந்துக்கடைக்குப் போனார். ஆயாம்மாவை அறையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த அம்மாளைப் பக்கத்து அறையில் யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். "இந்தா வந்துட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ இழுபடும் சத்தம். பிறகு இனியாவின் அழுகை. அது எப்போதும் வருகிற இடத்திலிருந்து வரவில்லை. தாழ்வாக, எங்கோ மூடிய இடத்துக்குள்ளிருந்து வந்தது. துணைக்கு இருப்பவர்கள் படுக்கிற தாழ்ந்த இரும்புக் கட்டில் அறையில் இருந்தது. அதன் அடியில்தான் எங்கள் பைகள், பிளாஸ்க், வாளி எல்லாம். அவள் அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அழைப்பு மணியின் பொத்தான் என் கைக்குக் கீழேயே இருந்தது. அழுத்த விரல் இல்லை. திரும்பக் கழுத்து இல்லை. கத்த மூச்சு இல்லை. கண் முன்னால் சுவரில் ஒரு ஆணி, அதைச் சுற்றி உதிர்ந்த சுண்ணாம்பு. அவள் அழுகை ஏறியது. பிளாஸ்க்கை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாளோ, பையின் வாரில் கழுத்து மாட்டுமோ என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. என் உடம்பு மண்ணில் புதைந்து கிடக்க, மேலே என் பிள்ளை அழுவதைப் போல இருந்தது.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. "இனியா" என்றேன். "அழாத. இங்கன இருக்கேன். இங்கன... இங்கன..." மூச்சு எடுத்து மறுபடியும் சொன்னேன். நான் பேசும்போது அவள் அழுகை கொஞ்சம் தணிந்தது. நான் நிறுத்தினால் ஏறியது. ஆகவே நிறுத்தவில்லை. உதடு ஒட்டாத சொற்களாகத் தேடித் தேடிச் சொன்னேன். தங்கக்கட்டி, சக்கரக்கட்டி, கண்ணு. அழுகைக்கு நடுவில் முக்கல் கேட்டது. எதையோ தள்ளுகிறாள். வாளி உருளும் சத்தம். திரும்பவும் அழுகை, திரும்பவும் முக்கல். பிறகு துணி தரையில் தேய்கிற ஓசை. கடைசியில் சின்னக் கைகள் சிமெண்டில் தட் தட்டென்று விழும் சத்தம், என் கட்டிலை நோக்கி.

ஆயாம்மா வந்தபோது இனியா என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, முடியெல்லாம் ஒட்டடையோடு உட்கார்ந்திருந்தாளாம். "ஆத்தி! எங்கன போயிட்டு வந்தீக மகாராணி?" என்றாள் அவள். நான் அழுதேன். கண்ணீர் மூக்குத்தண்டைத் தாண்டி மறுகண்ணுக்குள் இறங்கியது.

அன்று மாலை உடற்பயிற்சி கொடுக்கிற சரவணன் வந்தான். அருப்புக்கோட்டைப் பையன், வாய் ஓயாமல் பேசுவான். என் கையை அவன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "தூக்குங்கக்கா. நான் தாங்கத்தான் செய்றேன், தூக்க மாட்டேன். நான் தூக்கிட்டா ஒங்க நரம்பு, சரி, இவன் பாத்துக்கிருவான்னு படுத்துரும்" என்றான். முடியாமல் நான் திணறினால் கையின் பாரத்தில் கொஞ்சத்தை மட்டும் அவன் வாங்கிக்கொள்வான், மீதியை எனக்கே விடுவான். களைத்துவிட்டேன் என்று தெரிந்தால் சட்டென்று நிறுத்திவிடுவான். அதிகப்படியாகச் செய்தால் இந்த நோயில் இருக்கிற பலமும் போய்விடுமாம்.

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயில் இனியா விரலை நீட்டி அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் ஒரு பிளாஸ்டிக் புட்டிக்காக விரலை நீட்டினாள். அது மாமனார் செய்து கொடுத்தது. காலிப் புட்டியில் கொஞ்சம் துவரம்பருப்பைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டியிருந்தார். அது உருண்டு கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அவர் குனிந்தார்.

"எடுத்துக் குடுக்காதீக" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னத்தா?"

"அங்கனயே இருக்கட்டு. அது தானா எடுக்கு."

கடைசி 'ம்' இரண்டும் வரவில்லை, ஆனாலும் அவருக்குப் புரிந்தது. நிமிர்ந்து நின்றார். இனியா அழுதாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கால்களை உதைத்தாள், அழுகை கூடியது. அவ்வளவுதான், அவர் புட்டியை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டார்.

"தாயும் இப்படிக் கெடக்கா. புள்ளையையும் அழ விட்டு வேடிக்கை பாக்கணுமா? படுத்த படுக்கையில இருந்துக்கிட்டு எட்டு மாசப் புள்ளைக்குப் பாடம் நடத்துறியேத்தா."

கல்யாணமான ஐந்து வருஷத்தில் என்னிடம் அவர் குரல் உயர்த்தியது அன்றுதான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியதில் பாதிச் சொற்களுக்கு உதடு வேண்டியிருந்தது.

அடுத்த நாள் அவளை அவர் கூட்டி வரவில்லை. சளி பிடித்திருக்கிறது, ஆஸ்பத்திரிக் காற்று ஆகாது என்று சொல்லி அனுப்பினார். சளியும் இருந்திருக்கலாம். இப்போது வலப்பக்கம் திருப்பினாலும் வெறும் பாய். மறுநாள் அந்தப் பாயையும் சுருட்டிச் சுவரோடு சாய்த்து வைத்தார்கள்.

அந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். தீவிர சிகிச்சையில் இருந்தபோது பயப்படுவதற்கு வேலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சாப்பாட்டு வண்டி, துடைக்கிற வாளி, ஊசி, வண்டி. ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும், மண்டித் தெருவுக்கு லாரிகள் போகும், வத்தல் நெடி காற்றில் வந்து தும்மல் வரும், தும்ம முடியாது. எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். சரவணன் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கலை என்றேன். "ஏங்கா?" என்றான். எதற்கு என்று கேட்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கணேஷ் வந்தார். சிவகாசியிலிருந்து பைக்கில் வந்த புழுதியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டில் ஈரத்துணி வைத்தார். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அப்பாவைக் குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மா கடைசியா இப்படித்தான் ஆஸ்பத்திரியில கெடந்தாங்க" என்றார். "அவங்க வாயத் தொறக்குறதுக்குள்ள அப்பா வாங்கிட்டு வந்து நிப்பாரு. எளநி, ஆரஞ்சு, புதுப் போர்வை. அவரால செய்ய முடிஞ்சது அம்புட்டுத்தான். அவருக்கு ஒரு உசுரு அழுதுக்கிட்டு இருக்குறப்ப சும்மா இருக்கத் தெரியாது மாரி."

அவர் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, பார்த்தே இராத என் அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார நடுவில், எதிர்பாராமல், கதவைத் திறந்துகொண்டு மாமனார் வந்தார். தோளில் இனியா. பாயை அவரே விரித்தார். அவளை உட்கார வைத்தார். புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கி, வீசி எறிந்தாள். அது உருண்டு போய் நின்றது.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "வீட்டுலயும் இதே கூத்துதான். எது குடுத்தாலும் வீசி எறியிறா. கோவமோன்னு நெனச்சேன். நேத்து எனக்கும் அலுத்துப்போயி, கெடந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன். பத்து நிமிசம் முக்கி முக்கிப் போயி தானா எடுத்தா. எடுத்துட்டு என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு..." வேட்டியைத் தட்டினார். "அவ கேக்குறது சாமான இல்ல போலத்தா."

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "சொல்லு. நான் என்ன செய்யணும்?"

மண்டியில் ஒரு சொல்லுக்கு மூட்டைகள் நகரும் மனிதர், தன் கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். எனக்குக் கண்ணும் குரலும், அவருக்குக் கை. புட்டியை அவள் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்ல மாட்டேன், எட்டியும் எட்டாத இடத்தில். அவள் திணறினால், "கொஞ்சங் கிட்ட" என்பேன். அவர் ஒரு விரலால் ஒரு சாண் தள்ளுவார். மீதி தூரம் அவளுடையது. டம்ளரைத் துண்டால் மூடி வைப்போம், அவள் துண்டை இழுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். துண்டின் இந்த முனை அவள் பக்கம், அந்த முனையில் புட்டி. இழுத்தால் வரும் என்று அவளுக்குத் தெரிய மூன்று நாளானது. முதல் நாள் துண்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள்.

அழுகையில் இரண்டு விதம் இருக்கிறது என்று சுவரைப் பார்த்துக் கிடந்த நாளிலேயே என் காது பழகியிருந்தது. ஒன்று முக்கலோடு கலந்து, ஏறி இறங்கி வரும். அதில் கோபம் இருக்கும், வேலையும் நடந்துகொண்டிருக்கும். இன்னொன்று ஒரே சீராக, மெலிந்து போகும். முதல் அழுகைக்கு நாங்கள் காத்திருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இங்கன இருக்கேன்" என்பேன். இரண்டாவது அழுகை தொடங்கினால், "தூக்கிக்கோங்க" என்று உடனே சொல்லிவிடுவேன். அவர் பாய்ந்து தூக்குவார். சில நாள் நான் தப்பாகக் கணித்தேன். சில நாள் அவருக்குப் பொறுக்காமல் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நழுவி வரும். நான் பார்ப்பேன். அது மறுபடி உள்ளே போய்விடும். அவள் எடுத்துவிட்டால் அவரே கை தட்டுவார், அந்த மாடி முழுக்கக் கேட்கும்.

இதனால் எனக்கு நோய் குணமானது என்று சொல்ல மாட்டேன். உறை தன் போக்கில்தான் வளர்ந்தது. அறை அதே அறைதான், பாதி நாள் அதே சுவர்தான். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் சரவணன் வந்தால் கையைத் தூக்கலை என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். முதலில் கட்டைவிரல் வந்தது. பிறகு தோள். முகம் வலது ஓரமாகக் கொஞ்சம் இளகியது. ஒரு காலையில் மாமனார் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தபோது, "மாமா" என்று கூப்பிட்டேன். இரண்டு மாவும் முழுசாக வந்தன. அவர் திரும்பவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே நின்றார், வெகுநேரம்.

இப்போது திருத்தங்கலில் வீட்டில் இருக்கிறேன். கணுக்கால்கள் இன்னும் தொங்குகின்றன. பாதத்தைத் தாங்குகிற பட்டையைச் செருப்புக்குள் மாட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போவேன். எங்கள் தெருவில் காலையில் பட்டாசு ஆலை வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஜன்னலில் நிற்பேன். எனக்கு அந்த வண்டியில் ஏறிப் போக வேண்டிய வேலை எதுவும் கிடையாது. என்றாலும் படியில் கால் வைத்து ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பழையபடி ஆவேனா என்று டாக்டரிடம் கேட்டால், ஆகலாம் என்கிறார். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும் என்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், பொய் சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே வந்த பிறகும் உள்ளேயே இருப்பது போலச் சில நாள் இருக்கும்.

கை மட்டும் நன்றாக வந்துவிட்டது. டம்ளர் பிடிக்கிறேன், சீப்புப் பிடிக்கிறேன்.

நேற்று இனியா அடுப்படியிலிருந்து எவர்சில்வர் கிண்ணங்களை இழுத்து வந்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நடக்கத் தொடங்கிவிட்டாள், வாயில் நாலைந்து பற்கள். பெரிய கிண்ணத்தைச் சின்னதற்குள் இறக்கப் பார்க்கிறாள். போகவில்லை. திருப்பிப் பார்க்கிறாள், தட்டிப் பார்க்கிறாள், என்னவோ திட்டுகிறாள். நான் நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. குனிந்து, சரியான கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன் என்று இருந்தது.

அவள் இரண்டு கைகளாலும் என் கையைத் தள்ளிவிட்டாள். "ம்ஹூம்" என்றாள்.

தள்ளியதில் கிண்ணம் விழுந்து உருண்டது. எங்களைப் பார்க்க வந்து வாசல் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்து என்னிடம், "வேணுமாத்தா ஒனக்கு?" என்று சிரித்தார்.

இனியா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. உருண்ட கிண்ணத்தைப் போய் எடுத்து வந்தாள். அதையும் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் சின்னது பெரியதற்குள் டங்கென்று உட்கார்ந்தது. என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். எனக்கு இப்போது கை இருந்தது. அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.